இஸ்ரேலின் தடுப்புச் சுவர்தான் தற்கொலைத் தாக்குதல்களை நிறுத்தியதா?

கேள்வி இதுதான்: "மேற்குக் கரையில் சுவர் கட்டிய பிறகு இஸ்ரேல் பேருந்துகளில் குண்டு வெடிப்பது நின்றுபோனது. அப்படியானால் சுவர்தானே தீர்வு? காஸாவில் அதைவிடப் பலமான வேலி இருந்தும் 2023 அக்டோபர் 7 எப்படி நடந்தது?"

மேற்குக் கரை, காஸா இரண்டும் பாலஸ்தீனர்கள் வாழும் பகுதிகள்; அக்டோபர் 7 என்பது ஹமாஸ் என்ற பாலஸ்தீன ஆயுத அமைப்பு காஸாவிலிருந்து இஸ்ரேலுக்குள் புகுந்து நடத்திய தாக்குதல். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுவர் உதவியது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது தனியாக எதையும் நிறுத்தவில்லை. பாலஸ்தீன நகரங்களுக்குள் இராணுவம் மறுபடி புகுந்தது, உளவுத்துறை பின்னிய வலை, பாலஸ்தீனர்களின் சுயாட்சி நிர்வாகமான பாலஸ்தீன அதிகார சபையின் ஒத்துழைப்பு, ஹமாஸ் தானே எடுத்த அரசியல் முடிவு ஆகியவை சேர்ந்து செய்த வேலைக்குச் சுவர் மட்டும் பெயர் வாங்கிக்கொண்டது. அந்தத் தப்புக் கணக்கை நம்பித்தான் காஸா எல்லையில் ஏமாந்தார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

1993 செப்டம்பரில் இஸ்ரேலுக்கும் பாலஸ்தீனத் தலைமைக்கும் இடையே ஒஸ்லோ அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானபோது அதை முறிக்க நினைத்தவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். 1994 பிப்ரவரி 25 அன்று மேற்குக் கரையின் ஹெப்ரானில் இப்ராஹிமி மசூதிக்குள் பாரூக் கோல்ட்ஸ்டீன் என்ற யூதக் குடியேறி தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டு 29 பேரைக் கொன்றான். நாற்பது நாள் துக்கம் முடிந்த கையோடு இஸ்ரேலின் அஃபுலா நகரில் ஒரு பேருந்தின் அருகே கார் வெடித்தது. ஹெப்ரானுக்குப் பழி என்றது ஹமாஸ். ஹமாஸ் தற்கொலைத் தாக்குதலை அதற்கு முந்தைய ஆண்டே தொடங்கிவிட்டது. ஆனால் இஸ்ரேல் நகரங்களின் நடுவே, சாதாரண மக்கள் போய்வரும் பேருந்துகளைக் குறிவைப்பது அப்போதுதான் வழக்கமானது. 1995 நவம்பரில் இஸ்ரேல் பிரதமர் ராபினைச் சுட்டுக் கொன்றது ஒரு யூதத் தீவிரவாதி. இந்த வரலாற்றைப் பாதியாகச் சொல்பவர்கள் எந்தப் பாதியை விடுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள்.

அந்த நாட்களில் ஹமாஸுக்குக் குண்டு தயாரித்த யாஹ்யா அய்யாஷை எல்லாரும் 'எஞ்சினியர்' என்றே அழைத்தார்கள். 1996 ஜனவரி 5 அன்று அவர் காதில் வைத்துப் பேசிய கைப்பேசிக்குள் இஸ்ரேலின் உள்நாட்டு உளவுத்துறையான ஷின் பெட் மறைத்திருந்த குண்டு வெடித்து இறந்தார். தொழில்நுட்பமாகப் பார்த்தால் துல்லியமான வேலை. ஆனால் பிப்ரவரி 25 முதல் மார்ச் 4 வரையிலான ஒன்பதே நாட்களில் ஜெருசலேமின் 18ஆம் எண் பேருந்து இரண்டு முறை தாக்கப்பட்டது, அஷ்கெலோனிலும் டெல் அவிவிலும் குண்டு வெடித்தது. ஏறக்குறைய 60 பேர் செத்தார்கள். கருத்துக்கணிப்புகளில் முன்னிலையில் இருந்த அன்றைய பிரதமர் ஷிமோன் பெரஸ் மே மாதத் தேர்தலில் ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் நெதன்யாகுவிடம் தோற்றார். ஒரு ஆளைக் கொல்வது அமைப்பைப் பலவீனப்படுத்துமா, பழிவாங்கத் தூண்டுமா என்ற கேள்விக்கு இஸ்ரேல் பாதுகாப்புத் துறைக்குள்ளேயே இன்றுவரை ஒரே பதில் கிடையாது.

சுவர் பற்றிய பேச்சு வலுத்தது இரண்டாம் இன்டிஃபாதாவில், அதாவது பாலஸ்தீனர்களின் இரண்டாவது எழுச்சியில். 2000 செப்டம்பர் 28 அன்று அன்றைய இஸ்ரேல் எதிர்க்கட்சித் தலைவர் அரியேல் ஷரோன் ஜெருசலேமின் அல்-அக்ஸா மசூதி வளாகத்துக்குப் போனதையடுத்து மூண்ட கலவரம் சில மாதங்களில் ஆயுதப் போராக மாறியது. 2001 ஜூனில் டெல் அவிவ் கடற்கரையில் டால்ஃபினேரியம் நடனக் கூடத்தின் வாசலில் வரிசையில் நின்றவர்கள் 21 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலோர் பதின்வயதுப் பிள்ளைகள். ஆகஸ்டில் ஜெருசலேமில் ஒரு பீட்சாக் கடை. 2002 மார்ச் ஒரு மாதத்தில் மட்டும் நூற்று முப்பதுக்கும் மேற்பட்ட இஸ்ரேலியர்கள் உயிரிழந்தார்கள். அந்த மாதம் 27ஆம் தேதி இரவு நெதன்யா நகரின் பார்க் ஹோட்டலில் பாஸ்கா பண்டிகை விருந்துக்குக் கூடியிருந்தவர்களின் நடுவே ஒருவன் குண்டை வெடிக்கச் செய்தான். 30 பேர் போனார்கள். ஹிட்லரின் முகாம்களிலிருந்து தப்பி வந்து கிழவர்களாகிவிட்டவர்களும் அதில் இருந்தார்கள். அதே நாளில் பெய்ரூட்டில் அரபு லீக் மாநாடு தொடங்கியிருந்தது. ஆக்கிரமித்த நிலங்களை விட்டு வெளியேறினால் இஸ்ரேலை அரபு நாடுகள் எல்லாம் ஏற்கும் என்ற சவூதி யோசனையைத்தான் அங்கே பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தி அடுத்த நாள் இஸ்ரேலில் யார் கண்ணிலும் படவில்லை.

இரண்டே நாளில், மார்ச் 29 அன்று, 'தற்காப்புக் கேடயம்' என்ற பெயரில் இராணுவம் ரமல்லா, நப்லஸ், ஜெனின், பெத்லகேம் ஆகிய நகரங்களுக்குள் புகுந்தது. ஒஸ்லோ ஒப்பந்தப்படி அவை பாலஸ்தீன அதிகார சபையின் கட்டுப்பாட்டில் இருந்தவை. ஜெனின் அகதிகள் முகாமில் சந்து சந்தாகச் சண்டை நடந்தது. கவச புல்டோசர்கள் வீடுகளைத் தரைமட்டமாக்கின. 52 பாலஸ்தீனர்களும் 23 இஸ்ரேலிய வீரர்களும் கொல்லப்பட்டார்கள். பாலஸ்தீனர்களில் கணிசமானோர் பொதுமக்கள். நூற்றுக்கணக்கில் பிணங்கள் விழுந்தன என்று அப்போது பரவிய செய்தி தவறு என்பது விசாரணைகளில் தெரிந்தது. அதே விசாரணைகள் இராணுவம் சட்டத்தை மீறிய சம்பவங்களையும் பதிவு செய்தன.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால்தான் மற்றது விளங்கும். தற்கொலைத் தாக்குதல் என்பது இடுப்பில் குண்டு பெல்ட் கட்டியவன் ஒருவனின் வேலை இல்லை. அவனைத் தேர்ந்தெடுப்பவர் ஒருவர். வெடிமருந்து கலப்பவர் ஒருவர். கடைசி வீடியோ எடுப்பவர், ஒளித்துவைக்க வீடு கொடுப்பவர், இஸ்ரேலின் மஞ்சள் நம்பர் பிளேட் போட்ட காரை ஏற்பாடு செய்பவர், எந்தச் சாலையில் எப்போது சோதனை இருக்காது என்று தெரிந்த ஓட்டுநர் என்று ஒரு சங்கிலியே உண்டு. பெல்ட் கட்டத் தயாரான இளைஞர்களுக்கு அன்றைய சூழலில் பஞ்சமே இல்லை. வெடிமருந்து தெரிந்தவர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும்தான் பஞ்சம். ஷின் பெட் குறிவைத்தது அவர்களை. நகரங்களுக்குள் இராணுவம் தினமும் இரவில் போய்வர முடிந்ததும் கைதுகள் ஆயிரக்கணக்கில் நடந்தன. பிடிபட்ட ஒருவர் சொன்ன தகவலில் அடுத்தவர் பிடிபட்டார். அந்தத் தகவலை வாங்கிய விதம் பல நேரம் சித்திரவதைக்குப் பக்கத்தில் போனது. 1999இலேயே இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் கைதிகளைப் பிடித்து உலுக்குவது, கட்டிவைத்து வளைப்பது போன்ற முறைகளைத் தடை செய்திருந்தும், 'வேறு வழியில்லாத அவசரம்' என்ற சந்து திறந்தே இருந்தது. விசாரணையே இல்லாமல் மாதக் கணக்கில் அடைத்துவைக்கும் நிர்வாகக் காவலும் அப்படித்தான்.

இனி சுவருக்கு வருவோம். 2002 ஜூனில் அரசு முடிவெடுத்தது. படங்களில் நாம் பார்க்கும் எட்டு மீட்டர் கான்கிரீட் சுவர் மொத்த நீளத்தில் சிறு பகுதிதான். ஜெருசலேம், பெத்லகேம், கல்கீலியா போன்ற ஊர்ப்புறங்களில் மட்டும் அது இருக்கிறது. மற்ற இடங்களில் அது ஐம்பது அறுபது மீட்டர் அகலமுள்ள ஒரு பட்டை. மேற்குக் கரைப் பக்கத்திலிருந்து நடந்து வந்தால் முதலில் ஆள் உயரத்துக்கு அடுக்கிய முள்கம்பிச் சுருள்கள், பிறகு வண்டி தாண்ட முடியாத பள்ளம், ரோந்துச் சாலை, அப்புறம் கைபட்டாலே கட்டுப்பாட்டு அறையில் தெரிகிற உணர்கருவி வேலி. அதையும் தாண்டினால் நன்றாகச் சீவி மட்டமாக்கிய மணல் தடம். யாராவது மிதித்தால் காலடி பதியும். ரோந்து வண்டியில் வருபவர்களில் தடம் பார்ப்பவர் பெரும்பாலும் இராணுவத்தில் சேர்ந்த பெதுயின் (பாலைவன நாடோடி மரபு) அரபி. அந்த வேலி ஆளை முழுதாகத் தடுக்காது. நேரம் வாங்கிக் கொடுக்கும். தாண்டியவன் ஊருக்குள் கலப்பதற்குள் ஜீப் வந்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு.

வேலியின் வடபகுதி 2003 கோடையில் முடிந்தது. அதன் பிறகு ஜெனின், நப்லஸ் வட்டாரத்திலிருந்து வந்த தாக்குதல்கள் வெகுவாகக் குறைந்தன. 2002இல் ஐம்பதுக்கும் மேலிருந்த தற்கொலைத் தாக்குதல்கள் 2005க்குள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்தன. சுவரை ஆதரிப்பவர்கள் காட்டும் சான்று இதுதான், இது பொய்யில்லை.

ஆனால் எதிர்ச் சான்றுகளும் இருக்கின்றன. வடபகுதி வேலி முடிந்து சில மாதங்களில், 2003 அக்டோபர் 4 அன்று, ஜெனினிலிருந்து வந்த ஒரு பெண் ஹைஃபாவில் மேக்ஸிம் உணவகத்தில் வெடித்தாள். சட்டம் படித்து வழக்கறிஞர் பயிற்சியில் இருந்தவள். அந்த ஜூனில்தான் அவளுடைய தம்பியையும் உறவினர் ஒருவரையும் இஸ்ரேல் படை கொன்றிருந்தது. அந்த உணவகம் யூதர்களும் அரபிகளும் கூட்டாக நடத்தியது. இறந்த 21 பேரில் இரு தரப்பாரும் உண்டு, ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையும் உண்டு. வேலியைச் சுற்றிக்கொண்டு வர அவளுக்கு ஓட்டுநர் கிடைத்தார்.

இதைவிடப் பெரிய சான்று வேலியின் ஓட்டைகள். சுமார் 700 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிட்டதில் மூன்றில் ஒரு பங்கு இன்றுவரை கட்டப்படவில்லை. கட்டிய இடத்திலும் கம்பியை வெட்டி வழி செய்திருப்பார்கள். அனுமதிச் சீட்டு இல்லாத பாலஸ்தீனக் கூலித் தொழிலாளிகள் பல்லாயிரம் பேர் அந்த வழிகளில் வருடக்கணக்கில் இஸ்ரேலுக்குக் கட்டட வேலைக்குப் போய்வந்தார்கள். இராணுவத்துக்கும் அது தெரியும். பொருளாதாரம் ஓட வேண்டும் என்று கண்டும் காணாமல் இருந்தார்கள். கொத்தனார் நுழைய முடிகிற ஓட்டையில் குண்டுக்காரனும் நுழையலாமே? ஆண்டுக்கணக்கில் அப்படி நுழையவில்லை என்றால் காரணம் வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தது. 2022இல் அந்தப் பக்கம் நிலைமை மாறியது, அதே ஓட்டைகளின் வழியே ஜெனின் வட்டார இளைஞர்கள் வந்து இஸ்ரேல் நகரங்களான ப்னே ப்ராக்கிலும் டெல் அவிவிலும் சுட்டார்கள்.

அந்தப் பக்கம் என்ன நடந்தது? 2004 நவம்பரில் அதிகார சபையின் தலைவர் அரஃபாத் இறந்தார். அடுத்து வந்த மஹ்மூத் அப்பாஸ் ஆயுத இன்டிஃபாதாவே தவறு என்று வெளிப்படையாகச் சொன்னவர். 2005 மார்ச்சில் கெய்ரோவில் பாலஸ்தீன அமைப்புகள் கூடித் தாக்குதல்களை நிறுத்திவைக்க ஒப்புக்கொண்டன. ஹமாஸின் நிறுவனர் ஷேக் யாசினையும் அடுத்து வந்த ரந்தீஸியையும் இஸ்ரேல் 2004 வசந்த காலத்தில் ஒரு மாத இடைவெளியில் கொன்றிருந்தது. அந்த இழப்பும் ஒரு காரணம். தேர்தலில் நிற்கும் ஆசை இன்னொரு காரணம். 2006 ஜனவரித் தேர்தலில் ஹமாஸ் வென்றது. 2007இல் காஸா அவர்கள் கைக்குப் போனதும் மேற்குக் கரையில் அப்பாஸின் படைகள் ஹமாஸை வேரோடு பிடுங்கத் தொடங்கின. அமெரிக்கத் தளபதி கீத் டேட்டன் மேற்பார்வையில் ஜோர்டானில் பயிற்சி பெற்ற படைகள் அவை. இஸ்ரேலுக்கும் ரமல்லாவிலுள்ள அதிகார சபைக்கும் இடையே தினசரி தகவல் பரிமாற்றம் நடந்தது. பாலஸ்தீன மக்களிடம் இந்த ஒத்துழைப்புக்குத் துரோகம் என்றே பெயர். அப்படி இருந்தும் அது தொடர்ந்தது. இஸ்ரேலிய உயிர்களைக் காத்ததில் அதன் பங்கு சுவரின் பங்கைவிடக் குறைவில்லை என்பது என் கருத்து.

சுவருக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. குண்டுகளைத் தடுப்பது மட்டும் நோக்கம் என்றால் 1949 போர்நிறுத்தக் கோட்டின் மேல், அதாவது பச்சைக் கோட்டின் மேல், கட்டியிருக்கலாம். அதன் நீளம் சுவரின் பாதிதான். ஆனால் சுவர்ப் பாதையில் சுமார் 85 சதவீதம் மேற்குக் கரைக்குள் வளைந்து போகிறது. யூதக் குடியேற்றங்களை இஸ்ரேல் பக்கம் சேர்ப்பதற்காகவே அந்த வளைவுகள். இடையில் மாட்டிக்கொண்ட கிராமங்களில் 11,000 பாலஸ்தீனர்கள் அளவில் தங்கள் சொந்த வீட்டில் குடியிருக்கவே அனுமதிச் சீட்டு வைத்திருக்க வேண்டும். தோட்டம் ஒரு பக்கம், வீடு மறுபக்கம் என்று ஆன விவசாயி இராணுவம் கதவைத் திறக்கும் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டும். பல கதவுகள் ஆலிவ் அறுவடைப் பருவத்தில் மட்டுமே திறக்கும். நடுவில் உழவும் கிளை கழிக்கவும் போக முடியாத மரங்களில் காய்ப்பு குறைகிறது. 2004 ஜூன் 30 அன்று இஸ்ரேல் உச்ச நீதிமன்றமே பெய்த் சூரிக் கிராம வழக்கில், பாதுகாப்புக்குக் கிடைக்கும் சிறு ஆதாயத்துக்கு இவ்வளவு பெரிய துன்பம் பொருந்தாது என்று அந்தப் பகுதியில் பாதையை மாற்றச் சொன்னது. ஒன்பது நாள் கழித்து சர்வதேச நீதிமன்றம், பாலஸ்தீன நிலத்தில் சுவர் கட்டுவதே சட்டவிரோதம் என்று 14க்கு 1 என்ற கணக்கில் கருத்துரைத்தது. இஸ்ரேல் முதல் தீர்ப்பை ஏற்றது, இரண்டாவதை ஒதுக்கியது.

ஒரு வழி அடைபட்டால் தாக்குபவர்கள் வேறு வழி தேடுவார்கள். காஸாவைச் சுற்றி 1990களிலேயே வேலி வந்துவிட்டதால் அங்கிருந்து தற்கொலையாளிகள் வந்தது அரிது. பதிலாக ராக்கெட்டுகள் வந்தன. காஸாவுக்குப் பக்கத்திலுள்ள இஸ்ரேலின் ஸ்டெரோட் நகரில் அபாயச் சங்கு ஒலித்தால் ஒளிந்துகொள்ளக் கிடைப்பது பதினைந்து வினாடி. பேருந்து நிறுத்தமே கான்கிரீட் பதுங்கறையாக இருக்கும். 2011இல் அயர்ன் டோம் என்ற ராக்கெட் தடுப்பு அமைப்பு வந்தது. ராக்கெட் எங்கே விழும் என்று கணித்து, வெட்டவெளியில் விழுவதை விட்டுவிட்டு, குடியிருப்பில் விழப்போவதை மட்டும் வானிலேயே அடிக்கும். அடுத்து சுரங்கங்கள். 2006இல் சுரங்கம் வழியாக வந்துதான் கிலாத் ஷலித் என்ற இஸ்ரேலிய வீரரைப் பிடித்துப் போனார்கள். ஐந்து வருடம் கழித்து அவருக்குப் பதிலாக விடுதலையான 1,027 கைதிகளில் ஒருவர் யாஹ்யா சின்வார், பின்னாளில் அக்டோபர் 7 தாக்குதலைத் திட்டமிட்டவர்.

2015இல் மேற்குக் கரையிலும் ஜெருசலேமிலும் கத்திக் குத்துகள் தொடங்கின. எந்த அமைப்பும் அனுப்பாமல், வீட்டுச் சமையல் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பிய பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள். உடைக்கச் சங்கிலியே இல்லாததால் ஷின் பெட் அவர்களின் முகநூல் பதிவுகளைக் கணினியால் அலசத் தொடங்கியது. தாக்கியவனின் குடும்ப வீட்டை இடிப்பதும் தீவிரமானது. பிரிட்டிஷ் ஆட்சி 1945இல் போட்ட அவசர விதியைக் கொண்டு செய்வது இது. இதனால் பயன் இல்லை என்று இராணுவத்தின் சொந்தக் குழுவே சொன்னதால் 2005இல் நிறுத்தியிருந்தார்கள், 2014இல் மீண்டும் ஆரம்பித்தார்கள். குற்றம் செய்யாத தாயும் தம்பி தங்கைகளும் தெருவுக்கு வரும் தண்டனை இது. எந்தப் பாதுகாப்புக் காரணத்தாலும் இதை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

யூதக் குடியேறிகளின் பயங்கரவாதத்தையும் இதே கணக்கில்தான் சேர்க்க வேண்டும். 2015 ஜூலையில் மேற்குக் கரையின் டூமா கிராமத்தில் தூங்கிக்கொண்டிருந்த குடும்பத்தின் மேல் தீக்குண்டு வீசியதில் பதினெட்டு மாதக் குழந்தையும் பெற்றோரும் இறந்தார்கள். ஷின் பெட் அதை யூதப் பயங்கரவாதம் என்றே பதிவு செய்தது, நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. ஆனால் இது விதிவிலக்கு. தோப்பை எரிப்பது, மேய்ச்சல்காரர்களை விரட்டுவது போன்றவற்றில் தண்டனை வரை போகும் வழக்குகள் மிகக் குறைவு.

இனி அக்டோபர் 7. காஸா எல்லையில் 65 கிலோமீட்டருக்குப் புதிய தடுப்பு 2021 டிசம்பரில் முடிந்தது. செலவு சுமார் 350 கோடி ஷெகல். ஆறு மீட்டர் உயரக் கம்பி வேலி, சுரங்கம் தோண்டினால் காட்டிக்கொடுக்கும் நிலத்தடிச் சுவர், கேமராக்கள், தொலைவிலிருந்தே சுடும் இயந்திரத் துப்பாக்கிகள். சுரங்கப் பிரச்சினைக்கு அது உண்மையிலேயே பதில் சொன்னது. அன்றைக்குக் காலை ஹமாஸ் வந்தது சுரங்கத்தில் அல்ல. மலிவான ட்ரோன்களிலிருந்து குண்டு போட்டுத் தகவல் கோபுரங்களையும் துப்பாக்கிகளையும் முடக்கினார்கள். வேலியைப் பல இடங்களில் வெடிவைத்தும் புல்டோசராலும் பிளந்தார்கள். சிலர் பாராகிளைடரில் மேலே பறந்து வந்தார்கள். ஏறக்குறைய 1,200 பேர் கொல்லப்பட்டார்கள், 251 பேர் பணயக்கைதிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள்.

ஓட்டை கருவியில் இல்லை. திட்டத்தை விவரிக்கும் ஆவணம் ஒரு வருடத்துக்கு முன்பே இஸ்ரேல் உளவுத்துறை கையில் இருந்தது. காஸா எல்லையிலுள்ள நஹல் ஓஸ் இராணுவ முகாமில் திரையில் எல்லையைப் பார்த்துக்கொண்டிருந்த இளம்பெண் வீரர்கள், வேலி அருகே ஒத்திகை நடக்கிறது என்று மாதக்கணக்கில் மேலே தெரிவித்துக்கொண்டே இருந்தார்கள். ஹமாஸ் அஞ்சி அடங்கிவிட்டது, கத்தார் பணமும் வேலை அனுமதியும் கொடுத்தால் அமைதியாக இருக்கும் என்ற முடிவு மேலிடத்தில் ஊறிப்போயிருந்தது. வேலி இருக்கிறதே என்று படைகளைக் குறைத்து மேற்குக் கரைக்கு அனுப்பியிருந்தார்கள்.  ஜீப் வரும் என்ற உறுதி இருந்த இடங்களில்தான் மேற்குக் கரை வேலி வேலை செய்தது. காஸாவில் ஜீப் வரவில்லை. எச்சரித்த அந்தப் பெண்களில் பலர் அதே முகாமில் கொல்லப்பட்டார்கள், சிலர் காஸாவுக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள்.

அதற்குப் பதிலடியாக நடந்த போரில் காஸா சுகாதார அமைச்சகக் கணக்குப்படி 2025 அக்டோபர் போர்நிறுத்தத்துக்குள் 67,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அதில் குழந்தைகள் பல்லாயிரம். இதைப் பாதுகாப்பு நடவடிக்கை என்ற சொல்லுக்குள் அடக்க எனக்கு மனம் வரவில்லை. சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் 2024 நவம்பரில் ஹமாஸின் இராணுவப் பிரிவுத் தலைவர் முகமது தெய்ஃபுக்கும், பிரதமர் நெதன்யாகு, பாதுகாப்பு அமைச்சராக இருந்த யோவ் கல்லன்ட் இருவருக்கும் பிடியாணை பிறப்பித்தது.

இப்போது கவனிக்க வேண்டியது சுவரை அல்ல, அதன் பின்னால் வேலை செய்த மற்றவற்றை. 2024 டிசம்பரில் ஜெனின் முகாமின் ஆயுதக் குழுக்கள்மேல் அப்பாஸின் படைகளே நடவடிக்கை எடுத்தன. அடுத்த மாதம் 21ஆம் தேதி இஸ்ரேல் இராணுவம் அதே முகாமுக்குள் புகுந்தது. ஜெனின், துல்கரம் முகாம்களிலிருந்து 40,000 பேர் அளவில் வெளியேற வேண்டியிருந்தது. அதிகார சபைக்குச் சேர வேண்டிய வரிப் பணத்தை இஸ்ரேல் நிதியமைச்சர் ஸ்மோட்ரிச் பிடித்துவைப்பதால் பாலஸ்தீன அரசு ஊழியர்களுக்கும் பாதுகாப்புப் படையினருக்கும் முழுச் சம்பளம் கிடைப்பதில்லை. சொந்த ஊர்க்காரனைக் கைது செய்யும் வேலை அவர்களுடையது. அதிகார சபை சரிந்தால் மேற்குக் கரை பற்றியெரியும் என்று இஸ்ரேலின் இராணுவமும் ஷின் பெட்டும் தங்கள் அரசிடமே திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கின்றன. கேட்க வேண்டியவர்கள் இன்னும் கேட்டபாடில்லை.